சேர்ந்த பிறகு யார் மிச்சம்?

"மிஸ், ஒரு சின்ன டவுட்" என்று ரிஸ்னா தொடங்கினால் அது சின்னதாக இருக்காது. கூட்டுறவுக் காரியாலயத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது என் கதிரைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் அவள். கெட்டிக்காரிதான். ஆனால் கையிலிருக்கும் போன் சொல்வதை ஒரு தடவை நம்பிவிட்டு, பிறகு மனது கேட்காமல் எனக்குக் கோல் எடுப்பாள். போன கிழமையும் அப்படித்தான். கற்பிட்டிப் பக்கம் கருவாடு போடும் பெண்களின் இரண்டு சங்கங்கள் சேரப் போகின்றனவாம். கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலக் குறிப்பில் ஓரிடத்தில் அமல்கமேஷன் என்றிருக்கிறது, இன்னோரிடத்தில் யூனியன் என்றிருக்கிறது.

"போன்ல போட்டுப் பாத்தன் மிஸ். ரெண்டுக்கும் இணைப்பு எண்டுதான் வருது. ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டு இல்ல புள்ள. கேளு, செல்றன்."

சொல்லத் தொடங்கினேன். அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம். கடைசியில் அவள், "இதையெல்லாம் எழுதி வைங்க மிஸ், எங்களுக்குச் செல்ல ஆளில்ல" என்றாள். எழுதுவதில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வேலைக் காலம் முழுவதும் மற்றவர்கள் எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதினவள் நான். ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாளே.

நான் புத்தளம் டவுனில் பிறந்தவள். வாப்பா உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவர். மூன்று பாஷையும் கொஞ்சம் வாயில் வந்ததால் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பிறகு பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனேன். மலைநாட்டில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே குளிர் அடித்தது, சோறு அரைவேக்காடு, சட்டப் புத்தகத்தைப் பாடமாக்கினோம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

வேலையைக் கற்றுக்கொண்டது பெர்னாண்டோ சேரிடம். அவர் எங்கள் உதவி ஆணையாளர், சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களம், கடற்கரையில் தமிழ் என்று வளர்ந்தவர். எந்த ஊருக்குக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவார், அது கோயிலா கொட்டிலா என்று பார்க்கமாட்டார். பேனையை மேசையில் மூடியபடியே வைப்பார். கூட்டம் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவார். அதற்கு முன் யாராவது, "சேர் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "நான் நினைக்கிறதுக்கு சம்பளம் இல்ல" என்பார். முகத்தில் ஒரு சிரிப்பும் வராது. புதிதாக வருகிறவர்கள் அவரைக் கல்நெஞ்சன் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இரண்டு சொற்களையும் அவரிடம் முதன்முதலாகக் கொண்டுபோனபோது, நான் இரண்டுக்கும் ஐக்கியம் என்று அழகாக எழுதியிருந்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

"மிஸ், சேர்ந்த பிறகு யாரு மிச்சம்?"

எனக்கு விளங்கவில்லை. சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்: "கவுத இதுரு?"

பிறகு அவரே விளக்கினார். அமல்கமேஷன் என்றால் இரண்டு சங்கமும் பதிவிலிருந்து எடுபட்டுப்போகும். புதிதாக ஒன்று பிறக்கும். இருந்த காணி, கட்டடம், வலை, பெயர் எல்லாம் அந்தப் புதியதற்கு. யூனியன் என்றால் இரண்டும் இருந்தபடி இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக மேலே மூன்றாவதாக ஒன்று நிற்கும், அதைத்தான் நாங்கள் சமாசம் என்கிறோம். நான் அதை எனக்கு விளங்குகிற மாதிரி மாற்றிச் சொன்னேன்: பக்கத்துப் பக்கத்து வெங்காயத் தோட்டம் இரண்டின் நடுவேலியைப் பிடுங்கி எறிந்தால் அமல்கமேஷன். வேலி நிற்க, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டினால் யூனியன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டத்தில அப்படியே சொல்லுங்கோ" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

வேலி பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை அடுத்த வருடமே பார்த்தேன். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்கு மெழுகுதிரியும் மணிமாலையும் விற்கிற சிறு வியாபாரிகளின் சங்கங்கள் இரண்டு இருந்தன. திருவிழாக் காலத்தில் மட்டும் சேர்ந்து கடை போட ஆசைப்பட்டார்கள். எங்களுக்கு முன்பிருந்த யாரோ அவசரத்தில் அவர்களை அமல்கமேஷன் செய்துவிட்டார். அந்த வருடத் திருவிழா முடிந்தது, வழமைபோல இரண்டு தரப்பும் முறுக்கிக்கொண்டார்கள். "நாங்க பழையபடி எங்கட சங்கத்துக்குப் போறம்" என்று ஒரு பகுதி காரியாலயத்துக்கு வந்து நின்றது. போக அங்கே சங்கம் இல்லை. சேர் அவர்களுக்கு அதைச் சொன்னபோது ஒரு மனிதர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

யுத்த நேரம், தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்து ஆயுத முனையில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எங்கள் பக்கம் வந்து இறங்கியது எல்லோருக்கும் தெரியும். மன்னாருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மீனவர்கள் கற்பிட்டியில் ஒரு பக்கமாகக் குடியிருந்தார்கள். அவர்களின் ஊரைக் கிளிமுனை என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். வரும்போது உடுத்திய உடுப்போடு வந்தவர்கள். ஆனால் கிளிமுனை மீனவர் சங்கம் என்ற பதிவு மட்டும் அழியாமல் இருந்தது. கூட்டம் கூடினார்கள், தலைவர் தெரிவு செய்தார்கள், கற்பிட்டிக் கடலில் தொழில் செய்துகொண்டே கிளிமுனைச் சங்கமாக இருந்தார்கள். அப்போது தலைவர் வஹாப். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது.

கற்பிட்டிக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர் மரைக்கார். என் உம்மாவின் சாச்சா மகன், எனக்கு மாமா. குரல் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். இந்த மக்கள் வந்து இறங்கிய நாளில் தன் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டு, பேக்கரியில் இருந்த பாண் முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அதை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் ஊரில் தெரியாதவர் கிடையாது.

யுத்தம் முடிந்து வடக்குக்குப் பாதை திறந்த காலம். வெளிநாட்டு உதவியில் ஒரு ஐஸ் ஆலை வருகிறது, ஆனால் அதை நடத்த அந்தக் கரையில் ஒரே அமைப்பு இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஐஸ் இல்லாமல் மீன் கெட்டு, முதலாளி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டுப் போகிற கரை அது. இரண்டு சங்கத்துக்கும் அந்த ஆலை உயிர் மாதிரி. மரைக்கார் மாமா உடனே வஹாபைத் தன் வீட்டுக்கு அழைத்தார்.

"என்னத்துக்கு ரெண்டு சங்கம்? நாம என்ன வேற வேறயா? ஒண்டாக்கிப் போடுவம்."

வஹாப் தலையாட்டினார். அங்கேயே ஃபாத்திஹா ஓதி, வட்டிலப்பமும் தின்று முடித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஃபாத்திஹா ஓதிய பேச்சு என்றால் கல்யாணப் பேச்சு மாதிரி, பின்வாங்குவதற்கு இடமில்லை. அதற்குப் பிறகுதான் காரியாலயத்துக்கு வந்து, "அமல்கமேஷன் செஞ்சு தாங்க" என்று கேட்டார்கள். அந்தச் சொல்லை யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் மத்ரசா மண்டபத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு. அது மரைக்கார் மாமாவின் வாப்பா கட்டிய மண்டபம். இரண்டு சங்கமும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் மாமா, வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக, கல்யாண வீட்டுப் பெரியவர்போல எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூடிய பேனையை மேசையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"மிஸ், சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் தனியத்தான் கூடணும். முதல்ல கிளிமுனைக்காரர். மற்றவங்களை வெளியே போகச் சொல்லுங்கோ."

"சேர், இது அவங்கட மண்டபம்."

"ஓம்."

"முன்னுக்கு இருக்கிறவர் என்ட மாமா."

"ஓம். சொல்லுங்கோ."

வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டு விருந்தாளியிடம் கதை கேட்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். அதுவும் ஒரு பொம்பிளை, தாய்மாமன் முறையானவரைப் பார்த்து. நான் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "கிளிமுனைச் சங்கத்தில அங்கத்தவர் இல்லாதவங்க தயவுசெய்து வெளிய இருக்கணும்."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னயவா புள்ள?"

"ஓம் மாமா. சட்டம்."

"ஒங்கட சட்டம் பாழாப் போக!" என்றார் பின்னாலிருந்த ஒருவர். மாமா கையைக் காட்டி அவரை அடக்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அவர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கதவைச் சாத்தியது நான்தான். அந்தக் கதவின் கிரீச் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன.

உள்ளே கிளிமுனை மக்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். மரைக்காரை வெளியே போட்டதற்குத் தாங்களே காரணம் என்ற மாதிரி. வஹாப் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு வெட்கமா ஈக்குது மிஸ். கெதியா முடிங்க" என்றார்.

சேர் கெதியாக முடிக்கிற ஆள் இல்லை. தன் கேள்வியைக் கேட்கச் சொன்னார். சேர்ந்த பிறகு யார் மிச்சம் என்று கேட்டேன். வேலியையும் கிணற்றையும் சொன்னேன். வேலி பிடுங்கினால் கிளிமுனைச் சங்கம் என்று ஒன்று இராது என்பதைச் சொன்னேன். கிணறு வெட்டினாலும் ஐஸ் ஆலைக்குப் போதும், சமாசமும் ஒரே அமைப்புத்தான் என்பதையும் சொன்னேன்.

"ஃபாத்திஹா ஓதியாச்சு மிஸ்," என்றார் வஹாப். "இனி என்ன கதை?"

சேர் அமல்கமேஷனுக்கு ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். கைகள் எழுந்தன. சந்தோஷமாக எழுந்த கை ஒன்றும் அதில் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள். பெண்கள் பக்கத்தில் கருவாடு போடுகிற ஹாஜரா தாத்தா மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். வயதானவர், புருஷன் மவுத்தாகிப் பல வருடம். எங்கள் ஆட்களுக்கு அக்கா என்றால் தாத்தா, அண்ணன் என்றால் நானா.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? அங்க கரையில எங்கட மீன்வாடிக் கொட்டில் நிண்ட காணி சங்கத்துட பேரில ஈக்குது. சங்கம் இல்லாமப் போனா அது ஆருக்கு?"

"புதுச் சங்கத்துக்கு."

"கற்பிட்டிக்கா?"

"ஓம்."

"அப்ப நாளைக்கு நாங்க அங்க போய் நிண்டு, ஆர் நீங்க எண்டு ஒரு ஆள் கேட்டா?"

சேரைப் பார்த்தேன். அவருக்கு அந்தத் தமிழ் நன்றாக விளங்கும். ஆனால் அவர் பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாஜரா தாத்தா எழுந்து நின்றார். "அண்டைக்கு எல்லாத்தையும் வச்சிட்டுப் போங்க எண்டானுகள். வச்சிட்டு வந்தம். ஊட்டுச் சாவியும் வச்சிட்டு வந்தம். இந்தப் பேர மட்டும் ஆரும் கேக்கல்ல. அதையும் இப்ப நாங்களே எடுத்துக் குடுக்கப் போறமா?"

எங்கோ ஒரு பெண் விம்மினாள். வஹாப் தூக்கிய கையை இறக்காமலே அழுதார். ஆம்பிளை அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தெரியும் தாத்தா. எனக்கு முதல் நாளே தெரியும். ஆனா மரைக்கார் நானாட முகத்தப் பாத்து எப்பிடிச் செல்ற? பசியோட வந்து நிண்ட நேரம் பாண் தந்த மனிசன். ஒங்களோட முழுசாச் சேரமாட்டம் எண்டு அவர்ட ஊட்டுக்குள்ள இருந்து செல்ற வாய் எனக்கில்ல."

அதுதான் விஷயம். ஏமாற்ற நினைத்தவர் யாரும் அங்கே இல்லை. மாமா அன்பினால் விழுங்கப் பார்த்தார், இவர்கள் நன்றியினால் விழுங்கப்படச் சம்மதித்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை பார்த்து மரியாதை பார்த்தே ஒரு ஊரை இல்லாமல் ஆக்கியிருப்பார்கள். கதவைச் சாத்தச் சொன்ன அந்தச் சிலாபத்து மனிதர் மீது எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் தணிந்தது.

சேர் திரும்ப வாக்கெடுத்தார். அமல்கமேஷனுக்கு ஒரு கையும் எழவில்லை. சமாசத்துக்கு எல்லாக் கையும் எழுந்தது. அப்போதுதான் அவர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

இனி வெளியே போய்ச் சொல்ல வேண்டும். அதையும் நான்தான் செய்யவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வஹாப், "இல்ல மிஸ், இது நான் செல்லவேண்டியது" என்று முன்னால் நடந்தார். மாமா பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முகம் கல்லாக இருந்தது. வஹாப் சமாசம் என்றார், தங்கள் சங்கமும் இருக்கும் என்றார், வார்த்தை தடுமாறிற்று.

"ஆரும் ஒங்கள அன்னியமாப் பாத்தாங்களா?" என்றார் மாமா.

"இல்ல நானா. அல்லாஹ் அறிய இல்ல."

"அப்ப? போகப் போறீங்களா? நாங்க போங்க எண்டமா?"

"போக இல்ல நானா. போக ஏலும் எண்டு ஈக்கணும். அது போதும்."

மாமா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"ஃபாத்திஹா ஓதினது நாம ஒத்துமையா ஈக்கத்தான். வேலி ஈந்தா ஒத்துமை இல்லையா? எனக்கும் என்ட தம்பிக்கும் நடுவில வேலி ஈக்குதுதானே." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னய வெளிய போட்டது மட்டும் மறக்கமாட்டன் புள்ள" என்றார். சொன்னபடியே மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் என்னைக் கண்டாலும், "மிஸ் வாராங்க, எல்லாரும் வெளிய போங்க" என்பார்.

மாமாவின் தரப்பும் தனியாகக் கூடிச் சமாசத்துக்குச் சம்மதித்தது. அன்றைக்குக் கிளிமுனைக்காரர் யாரும் சொல்லாமலே மண்டபத்துக்குத் தூரப் போய் நின்றார்கள். ஐஸ் ஆலை வந்தது. ஒரு மாதம் ஓடும், ஒரு கிழமை படுக்கும், இன்றைக்கும் அப்படித்தான்.

ரிஸ்னாவுக்கு நான் சொன்னது இதுதான்: கொழும்புக்காரர் எந்தச் சொல்லை எழுதினார் என்பதைப் பிறகு பார். முதலில் அந்தப் பெண்களிடம் போ. ஒரு தரப்பை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சேரின் கேள்வியைக் கேள். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வஹாப் ஆளனுப்பினார். கிளிமுனையில் பற்றைக்காடு வெட்டி, பழைய காணியில் தகரம் போட்டு வாடி எழுப்பியிருக்கிறார்கள். சங்கத்தின் பொதுக்கூட்டம், வெளியேறிய பிறகு முதல் தடவையாகச் சொந்த மண்ணில். கட்டாயம் வரவேண்டும் என்றார். பெர்னாண்டோ சேர் அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். மாமாவும் நானும் வாடகைக்கு வான் ஒன்று பிடித்துப் போனோம். மாமாவுக்குக் கையில் பொல்லு, குரல் மட்டும் பழைய குரல். ஊர் திரும்பியவர்கள் சில குடும்பங்கள்தான். ஹாஜரா தாத்தா கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவிலேயே மகளோடு இருந்துவிட்டவர். ஆனாலும் கூட்டத்துக்கென்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சோறு போட்டார்கள், மாமாவைப் பெரிய கதிரையில் வைத்துக் கொண்டாடினார்கள். கூட்டம் தொடங்கும் நேரம் வஹாப் எழுந்து நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு நான் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார்.

"கிளிமுனைச் சங்கத்தில அங்கத்தவர் இல்லாதவங்க தயவுசெய்து வெளிய இருக்கணும்."

மாமா பொல்லை ஊன்றி எழுந்தார். நானும் எழுந்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தியது வஹாப். வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளம் ஒன்றில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெயில் சுட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"கோவமா மாமா?"

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடித் தாடியில் இறங்கியது.

"என்னத்துக்குக் கோவம்? இப்பதான் புள்ள அவன் ஊட்டுக்காரன். நான் அவன்ட விருந்தாளி. அல்ஹம்துலில்லாஹ்."

உள்ளே கை உயர்த்தச் சொல்லும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பையில் பிளேன்டி கொண்டுவந்து தந்தது.